புல்வெட்டிக்கு வாய் சுத்தம்

பல் டாக்டரம்மா வீட்டின் முன்னறையில்தான் கிளினிக் வைத்திருந்தார். வாசலில் புல் கண்டபடி வளர்ந்து, பலகையில் 'பல்' என்ற சொல்லை மறைத்துவிட்டது. 'மருத்துவமனை' என்பதை மட்டும் படித்துவிட்டு ஒருவர் காய்ச்சல் கண்ட நாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை புல்லை வெட்டுறீங்க. இல்லைன்னா உங்க கடவாப்பல்லுக்கு நான் பொறுப்பில்ல" என்று டாக்டரம்மா கணவரிடம் கறாராகச் சொன்னார்.

கணவருக்கு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. லீவு நாளில் மட்டும் மெக்கானிக். தோளில் மாட்டும் புல்வெட்டியை எடுத்துக் கயிற்றைச் சுண்டி இழுத்தார். கிளம்பியது. ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் 'ப்பூ' என்று பெருமூச்சு விட்டுப் படுத்துவிட்டது.

"கார்புரேட்டர்தான், சந்தேகமே இல்ல" என்றார். கழற்றித் துடைத்து மாட்டினார். ஒரு ஸ்க்ரூ மிச்சமானது. "கம்பெனிக்காரன் தாராளமா ஒண்ணு கூடப் போட்டிருக்கான்" என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ப்பூ. பிளக்கை மாற்றினார். ப்பூ.

ஜன்னலில் டாக்டரம்மாவின் தலை தெரிந்தது. "பெட்ரோல்ல ஆயில் எவ்ளோ ஊத்துறீங்க?"

"கண்ணளவுதாம்மா. கொஞ்சம் தாராளமா ஊத்தினா இஞ்சினுக்குக் குளுகுளுன்னு இருக்கும்ல?"

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். மெஷினைக் கிளினிக்குக்குள் தூக்கிவரச் சொன்னார். சைலன்சரைக் கழற்றி, புகை வெளியேறும் ஓட்டையில் பல் பார்க்கும் பழைய வாய்க்கண்ணாடியை விட்டுப் பார்த்தார். எரியாத ஆயிலெல்லாம் கரியாகி, அடை அடையாக அப்பியிருந்தது. சைலன்சர் வலையில் ஊசி நுழையக்கூட இடமில்லை.

"மூச்சே விட முடியல பாவம். எப்படிங்க ஓடும்?" என்று மாஸ்க்கை மாட்டினார். கயிற்றை மெல்ல இழுத்து, உள்ளே பிஸ்டன் அந்த ஓட்டையை அடைத்து நிற்கும்படி வைத்தார். கரி சிலிண்டருக்குள் விழக்கூடாதே. பிஸ்டனில் கீறல் விழாமல் இருக்க, நாக்கை அழுத்தும் மரக்குச்சியால் சுரண்டினார். அடுத்தது சைலன்சர் வலை.

அந்த நேரம் பார்த்து, கன்னம் வீங்கிய பஸ் டிரைவர் ஒருவர் வெளியறையில் வந்து உட்கார்ந்தார். திரைக்குப் பின்னாலிருந்து டாக்டரம்மாவின் குரல் மட்டும் வந்தது.

"ரொம்ப நாளா கவனிக்காம விட்டிருக்கீங்க. நல்லா அமுக்கிப் பிடிங்க, நழுவுது! அந்தக் கம்பி பிரஷ்ஷை எடுங்க."

டிரைவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். திரை விலகி, டாக்டரம்மா ஒரு தட்டை நீட்டிக்கொண்டு வந்தார். தட்டு நிறையக் கருப்புக் கட்டிகள்.

"டாக்டரம்மா... இதெல்லாம் ஒரே வாயிலயா?"

"ஆமா, ஒரே வாய்தான்" என்றார் அவர், குப்பைக்கூடையைத் தேடியபடி.

"ஆளு உயிரோட இருக்காரா?"

"இப்போ தெரிஞ்சிடும்."

அதற்குள் சைலன்சரை மாட்டி, மெஷினைக் கொல்லைப்புறத்துக்குத் தூக்கிப்போயிருந்த கணவர் கயிற்றை இழுத்தார். 'ட்ர்ர்ர்ர்' என்று கர்ஜனை கிளம்பியது. டிரைவர் ஒரே தாவலில் சிகிச்சை நாற்காலியில் ஏறி, கண்ணை இறுக மூடி, வாயை ஆவென்று திறந்தார். "இனிமே ரெண்டு வேளையும் தேய்ப்பேன், சத்தியமா!"

விஷயம் விளங்கியதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஊசி போட்டு மரத்த வாய் ஒரு பக்கமாகத்தான் சிரித்தது. பல்லைச் சரிசெய்து முடித்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"என் மச்சான்கிட்டயும் ஒரு புல்வெட்டி இருக்கு, இதே கோளாறுதான். கூட்டிட்டு வரட்டுமா?"

"மச்சானையா, மெஷினையா?"

டிரைவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "ரெண்டு பேருக்குமே வாய் சரியில்லைங்க."