கஸ்முரியின் வாயில் அழுத பிள்ளை

ரெம்பாங் கடற்கரை உப்பளக்காரர்களின் கூட்டத்தில் வாய்க்கால் தூர்வாருவது பற்றிப் பேசிக்கொண்டிருந்த எங்கள் ஊர்த்தலைவர் கஸ்முரியின் வாயிலிருந்து பச்சைக் குழந்தையின் அழுகை வந்தது. எல்லோரும் முதலில் கூரையைப் பார்த்தார்கள், பிறகு பெஞ்சுக்கு அடியில் பூனையைத் தேடினார்கள், கடைசியில் தலைவரின் வாயைப் பார்த்தார்கள். உப்பு விலை இறங்கியிருந்த வருஷம் அது. அதே நேரத்தில் ஊரின் மறுகோடியில், உப்புக் கிடங்கின் பின்னறையில், வர்சினி அன்று பெற்ற பெண்குழந்தை முகம் சிவக்க வாயைத் திறந்து, சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தது.

ஜோக்ஜகர்த்தா நகரத்திலிருந்து விவிக் என்ற சமூகவியல் ஆய்வாளர் வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. பிள்ளை பெறும்போது ஒருத்திக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள், பெற்ற பிறகு அவள் யாரைத் தன் மனுஷர்கள் என்கிறாள் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. வெளியூர்க்காரர்கள் தலைவர் வீட்டில் தங்குவது வழக்கம் என்பதால் அவளும் கஸ்முரி வீட்டில்தான் தங்கினாள். அவர் மனைவி லஸ்மி அவளுக்குச் சமைத்துப்போட்டாள். வீட்டுக்கு வீடு பெண்கள் சந்தோஷமாகப் பதில் சொன்னார்கள்: மாமியார் இருந்தாள், மயங்கி விழுந்த புருஷன் இருந்தான், துணைக்கு வந்து வேர்க்கடலை முழுவதையும் தின்றுவிட்டுப் போன பக்கத்து வீட்டுக்காரி இருந்தாள். வர்சினிக்கு மட்டும் சொல்ல ஆள் இல்லை. கஸ்முரியின் உப்பளத்தில் உப்பு வாரியவள் அவள். கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று அவர் சொன்னதை நம்பினாள். வயிறு தெரியத் தொடங்கியதும் அவர் காப்பிக்கடையில் உட்கார்ந்து, "உப்பளத்துல நின்னா காத்துதான் அப்பன்" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. அதோடு விடாமல், அவள் வாசலை மிதித்தால் இந்த ஊரில் வேறு வாசல் மிதிக்க முடியாது என்று மருத்துவச்சிக்கும் சொல்லியனுப்பினார்.

ஆகவே அன்று மத்தியானம் கேள்வி கேட்கப் போன விவிக்தான் பிள்ளையைக் கையில் வாங்க வேண்டியிருந்தது. அவளும் ஒருமுறை பெற்றவள்தான். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி, காரை நிறுத்தப் போன புருஷன் எல்லாம் முடிந்த பிறகு வந்தான், குழந்தை தங்கவில்லை. யாரிடமும் சொல்லாத அதை இரண்டு வலிகளுக்கு நடுவே வர்சினியிடம் சொன்னாள். எங்கள் பக்கம் நஞ்சுக்கொடி பிள்ளையின் உடன்பிறப்பு. அதைக் கழுவி, மண்கலயத்தில் வைத்து, வாசலோரம் புதைத்து விளக்கேற்றுவது தகப்பன் வேலை. வர்சினி கலயத்தை விவிக்கிடம் நீட்டினாள்.

"அவன் வாசல்ல பொதச்சிடுங்கக்கா."

"நான் ஆராய்ச்சிக்கு வந்தவ வர்சினி. இதுல தலையிடக் கூடாது."

"பிள்ளைய கையில வாங்கினப்போ தலையிடலையா?"

கஸ்முரி கூட்டத்துக்குப் போயிருந்தார். பெண்குழந்தை என்பதால் வாசலின் இடப்பக்கம் விவிக் குழி தோண்டினாள். லஸ்மி சமையலறையிலிருந்து பார்த்தாள். விளக்கின் திரி பற்றியதும் கூட்டத்தில் அழுகை தொடங்கியது.

கஸ்முரி செமாராங் நகரம்வரை போய் வைத்தியம் பார்த்தார். விவிக்கை வீட்டைவிட்டு விரட்டினார். அவள் பெட்டியோடு வர்சினியின் கிடங்கறைக்குப் போய்விட்டாள். குழியைத் தோண்டச் சொன்னார். கலயம் இல்லை, உப்புத் தண்ணீர் ஊறி நின்றது. பிள்ளைக்குப் பசித்தபோதெல்லாம் அவர் அழுதார், கல்யாண வீட்டில், மேலதிகாரியோடு சாப்பிடும்போது, தொழுகை வரிசையில். தலைவர் தேர்தல் நெருங்கியது. கஸ்முரியின் பிரசாரக் கூட்டங்கள் எப்போது என்று வர்சினி விசாரித்து வைத்துக்கொண்டாள்.

"பசிக்குது பாரு, குடுத்துரு" என்றாள் விவிக்.

"இருங்கக்கா. மேடை ஏறட்டும்."

வர்சினிக்குப் பால் கட்டி ரவிக்கை நனைந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் முறை விவிக் சண்டை போட்டாள். இரண்டாம் முறை, ஒலிபெருக்கி நன்றாகக் கேட்கட்டும் என்று ஜன்னலைத் திறந்துவிட்டாள். "என் அன்பான ஊர்மக்களே" என்றதுமே வீறிட்டார் கஸ்முரி. கூட்டத்தில் கைப்பிள்ளைக்காரிகள் அத்தனை பேருக்கும் மார் கசிந்தது. நனைந்த ரவிக்கையோடு வீட்டுக்குப் போனவர்கள் ஒருவர் விடாமல் அவருக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள்.

தோற்ற மறுநாள் அவர் கிடங்கு வாசலில் வந்து நின்றார்.

"வர்சினி, பிள்ளைக்குப் பால் குடு."

"யார் பிள்ளைக்கு?"

அவர் வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது.

"அழுது காட்டாதீங்க. வார்த்தையா சொல்லுங்க."

சொல்லாமலே போய்விட்டார். அதற்குப் பிறகு வர்சினி பிள்ளையைப் பட்டினி போடவில்லை. மெலாத்தி என்று பெயர் வைத்திருந்த அதன் கன்னம் ஒட்டியதைப் பார்க்க அவளுக்கே பொறுக்கவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. பல் முளைத்தபோது கஸ்முரி முனகினார், அம்மை போட்டபோது விடிய விடிய அனத்தினார். லஸ்மி கொஞ்ச நாள் சமையலறையில் படுத்தாள், பிறகு அவர் முதுகைத் தட்டித் தூங்கவைக்கப் பழகிக்கொண்டாள். விவிக் ஆய்வை முடித்தாள். வர்சினியைப் பற்றிய அத்தியாயத்தை நீக்கு என்றார்கள் பேராசிரியர்கள், நீக்கமாட்டேன் என்றாள். ஒவ்வொரு மழைக்காலமும் கிடங்கறைக்கு வந்துவிடுவாள், மெலாத்திக்கு அவள் பெரியம்மா. மெலாத்தியின் முதல் "அம்மா"வை முடிதிருத்துகிறவரிடம் கஸ்முரி சொன்னார்.

பள்ளியில் சேர்த்த அன்று வெளியூரிலிருந்து புதிதாக வந்திருந்த டீச்சர், "அப்பா பேர் என்ன?" என்று கேட்டார். மெலாத்தி உதட்டை அசைத்தாள். சந்தைக்கு நடுவே மீன் பேரம் பேசிக்கொண்டிருந்த கஸ்முரி, மீன்காரியும் வண்டிக்காரர்களும் திரும்பிப் பார்க்க, "எங்கப்பா பேரு கஸ்முரி!" என்று கத்தினார். அறையில் ஒன்றும் கேட்காததால் டீச்சர் மறுபடி கேட்டார். சந்தையில் கஸ்முரி மறுபடி கத்தினார், இந்த முறை பள்ளிவரை கேட்டது.

"கேட்டுச்சா டீச்சர்?" என்றாள் வர்சினி. "எழுதிக்குங்க."

இப்போது காலையில் பள்ளி மணி அடிப்பதற்குள் கஸ்முரி வந்துவிடுகிறார். வகுப்பு ஜன்னலுக்கு வெளியே அவருக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். ஏழாம் வாய்ப்பாட்டில் மட்டும் கொஞ்சம் தடுமாறுகிறார் என்று டீச்சர் சொல்கிறார்.