கெட்டியாப் புடி, அம்மணி

இந்தக் காலத்தில் உட்காரக்கூட வகுப்புக்குப் போகிறார்கள். மூச்சு விடுவதற்கும் வாத்தியார் வைத்துக்கொள்கிறார்கள். சோறு மெல்லச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று எவனாவது பலகை மாட்டினால் அங்கேயும் கூட்டம் நிற்கும் என்று பாலுசாமிக்கு எரிச்சல். முழங்கால் குடைச்சலோடு, கிணத்துக்கடவுக்குப் பக்கத்திலுள்ள குதிரையேற்றப் பள்ளியின் வேலியில் சாய்ந்து நின்றார்.

மருமகள் புவனா போன மாதம் குதிரையிலிருந்து விழுந்தாள். தோள் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. அதிலிருந்து மகன் தனபால் அவளைத் தனியே அனுப்புவதில்லை. அப்பனைக் காவலுக்கு அனுப்பினான். இன்றைக்கும் நடுங்கினால் இனிமேல் வரப்போவதில்லை என்று காரிலேயே சொல்லியிருந்தாள். பாலுசாமிக்கு அது நல்ல சேதியாகத்தான் பட்டது.

குதிரை நடக்கத் தொடங்கியதும் அவள் முன்னால் குனிந்து, காலை இறுக்கி, கடிவாள வாரை நெஞ்சோடு இழுத்தாள். அவர் வழக்கம்போல வேலியிலிருந்து சத்தம் போட்டார்.

"கெட்டியாப் புடி அம்மணி. உட்றாதே."

அவள் இன்னும் இழுத்தாள். குதிரை தலையை உதறிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தது. அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

சொல்லிக்கொடுக்கும் தேஜஸ்ரீ வந்து குதிரையை நிறுத்தினாள். ஸ்கூட்டிக்குப் பிரேக் பிடிக்கிற மாதிரி கை நில்லு என்கிறது, கால் போ என்கிறது, குதிரை யார் பேச்சைக் கேட்கும் என்று கேட்டாள். பிறகு நீளக் கயிறு ஒன்றைக் குதிரைக்குக் கட்டி மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டாள். வாரைக் குதிரையின் கழுத்தில் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் விரிக்கச் சொன்னாள்.

"ஏனுங்க டீச்சர், கொல்லப் பாக்கறீங்களா?" என்றார் பாலுசாமி.

பதில் புவனாவிடமிருந்து வந்தது. "மாமா, நீங்க சித்த நேரம் பேசாம இருங்க. நீங்க கத்தறப்பத்தான் எனக்குக் கை இறுகுதுங்க."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் வேலியை விட்டு ஓரடி தள்ளி நின்றார்.

குதிரை வட்டமாகச் சுற்றியது. விரித்த கைகள் முதலில் ஆடின. போகப்போக முதுகு நிமிர்ந்தது, குதிகால் தாழ்ந்தது, இடுப்பு குதிரையின் நடைக்கு இசைந்தது. அப்புறம் வாரை வாங்கிக்கொண்டாள். தேஜஸ்ரீ கயிற்றை அவிழ்த்துவிட்டாள். புவனா தனியாகவே சுற்றி வந்தாள்; குதிரை தலையை உதறவில்லை.

இறங்கியதும் வியாழக்கிழமை வருகிறேன் என்று தேஜஸ்ரீயிடம் சொல்லிவிட்டு, அவர் பக்கம் திரும்பினாள்.

"எப்படிங்க மாமா?"

"அது கெழட்டுக் குதிரை. அதுக்கு உன்னைத் தள்ளிவுடக்கூடச் சலிப்பு."

"வியாழக்கிழமை வாரீங்களா?"

"வாயைக் கட்டிப்போட்டுட்டுத்தான வரோணும்?"

சிரிப்பவளைப் பார்க்காமல் கார் நின்ற பக்கம் நடந்தார். வியாழக்கிழமையே விழுவாள் என்று முனகினார். கால் இழுத்தது.