இல்லாத தவளையின் முட்டை

ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘உஷ் டீச்சர்’. பள்ளிக் கழிப்பறைக்குப் பின்னால், தண்ணீர் தேங்கிய பள்ளத்தில், அழிந்துவரும் இனத்தைச் சேர்ந்த கட்டைவிரல் நீளத் தவளை குடியிருந்தது. அதன் பேச்சை எடுத்தாலே டீச்சர் உதட்டில் விரல் வைத்து "உஷ்!" என்பார்.

எங்கேயோ ஓர் அபூர்வப் பல்லி இருக்கும் இடத்தை யாரோ தண்டோரா போட, பிடித்து விற்பவர்கள் சாக்கோடு வந்து வாரிக்கொண்டு போனதாகப் படித்த நாளிலிருந்து அவருக்கு அந்தப் பயம்.

"யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. பெரிய ஆபீசரே வந்தாலும் சரி. ஏன், நானே கேட்டாலும் சொல்லக் கூடாது. புரியுதா?"

சொன்னதோடு விட்டாரா? அவ்வப்போது கறுப்புக் கண்ணாடி மாட்டி, மையால் மீசை வரைந்துகொண்டு வகுப்புக்குள் நுழைவார். "பிள்ளைங்களா, நான் நிஜ ஆபீசர். இங்க தவளை இருக்காமே?" என்பார். முதல் தடவை பாதி வகுப்பு உளறிக் கொட்டியது. போகப் போக அத்தனை பேரும் கல்லுளிமங்கன்களாகிவிட்டார்கள். டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை.

தலைமையாசிரியர் புதிதாகக் கார் வாங்கியிருந்தார். அதை நிறுத்த அந்தப் பள்ளத்தைத் தூர்ப்பது என்று முடிவு கட்டி, மண் லாரிக்கும் சொல்லிவிட்டார். பதறிப்போன டீச்சர் வனத்துறைக்கு ஓடினார்.

"வந்து பார்க்கிறேன். தவளை இருந்தா ஒரு கூடை மண்கூட விழாது. இல்லேன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார் அதிகாரி.

அவர் வந்த அன்று மண் லாரியும் வாசலில் வந்து உறுமிக்கொண்டு நின்றது. பகலில் தவளை வெளியே தலைகாட்டாது. புல் நுனியில் முட்டையிட அது கட்டும் நுரைக்கூட்டைத்தான் காட்ட வேண்டும். டீச்சரின் கண்ணுக்கு அது ஒருநாளும் தானாகத் தட்டுப்பட்டதில்லை. தேடிக் காட்டுவது எப்போதும் பிள்ளைகள்தான். அவர்களைப் பள்ளத்தருகே வரிசையாக நிறுத்தினார்.

"பிள்ளைங்களா, தவளைக்கூடு எங்க இருக்குன்னு சாருக்குக் காட்டுங்க."

வகுப்புத் தலைவி முன்னால் வந்தாள். வாயாடி என்று பெயரெடுத்தவள். "தவளையா? அப்படின்னா என்ன டீச்சர்?"

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடியே, இவர் நிஜ ஆபீசர்!"

"நீங்ககூடப் போன வாரம் அப்படித்தான் சொன்னீங்க."

"நானே சொல்றேன், காட்டுங்க கண்ணுங்களா!"

"நீங்க கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு சொன்னது யாரு டீச்சர்?" பின்வரிசை கண் சிமிட்டியது. ஒரு பையன் எட்டிப் போய் அதிகாரியின் மீசையை இழுத்தே பார்த்தான். அது வரவில்லை. ஆனாலும் அவன் நம்பவில்லை.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டோமே என்று டீச்சர் தலையில் கை வைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தது அவரேதான்.

"தவளையும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு நான்தான் அப்பவே சொன்னேனே சார்" என்று தலைமையாசிரியர் லாரிக்குக் கையசைத்தார்.

அதிகாரி பெருமூச்சு விட்டார். "எதுக்கும் ஒரு தடவை இறங்கிப் பார்த்துடறேன்" என்று பள்ளத்தின் ஓரப் புல்லில் காலைத் தூக்கி வைக்கப் போனார்.

"சார்ர்ர்! மிதிக்காதீங்க! முட்டை இருக்கு!"

வகுப்பு முழுக்க ஒரே குரலில் அலறியது. அதிகாரி கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றார்.

"என்ன முட்டை?"

பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். வாயாடி எச்சில் விழுங்கிக்கொண்டு சொன்னாள்: "இல்லாத தவளையோட முட்டை சார்."

அதிகாரி தூக்கிய காலைப் பின்னால் வைத்துக் குனிந்து பார்த்தார். புல் நுனியில் ஒரு கைப்பிடி வெள்ளை நுரை. வெகுநேரம் பார்த்தவர், நிமிர்ந்து லாரியைத் திருப்பி அனுப்பச் சொன்னார். தலைமையாசிரியர் வெயிலில் நின்ற தன் காரைப் பார்த்தார். டீச்சருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"ரொம்ப சந்தோஷம் டீச்சர். மொத்தம் எத்தனை கூடு இருக்கும் இங்க?"

டீச்சர் ஆசையாக வாயைத் திறந்தார். வகுப்பு மொத்தமும் உதட்டில் விரல் வைத்து அவரை முறைத்தது.

"உஷ்!"

டீச்சர் வாயை மூடிக்கொண்டார்.