முதுகு வளைந்த மீன்களும் சுற்றும் வீடும்

மீன்களுக்கு முதுகு வளைந்த கோடையில் குளத்துக்காரரின் வீடு சுற்ற ஆரம்பித்தது. அவர் மீன் வளர்த்த குளத்தின் நடுவில் ஒரு மண்மேடு, அதன்மேல் வீடு, கரையிலிருந்து போக நீளமாக ஒரு பலகை. வருடத்துக்கு வேண்டிய தீவனத்தை மொத்தமாக வாங்கித் தகரக் கொட்டகையில் அடுக்கியிருந்தார். இந்த வெயிலுக்குக் கெட்டுப்போகும் என்று மனைவி சொன்னாள். "மூட்டையையே பிரிக்கல, எப்படிக் கெடும்?" என்று வாயை அடைத்துவிட்டார். சில மாதங்களில் மீன்கள் அரிவாள் மாதிரி வளைந்தன. எல்லாமே ஒரே பக்கம் வளைந்ததால் நேராக நீந்த வராமல் இடப்பக்கமாகவே வட்டமடித்தன. அத்தனை மீன்களும் ஓயாமல் சுற்றியதில் தண்ணீர் சுற்றியது. தண்ணீரோடு மேடும், மேட்டோடு வீடும் சுற்றின.

ஊர் இரண்டு நாள் வேடிக்கை பார்த்துவிட்டு வேலைக்குப் போனது. வீட்டுக்கு வருபவர்கள் வாசல் தங்கள் பக்கம் வரும்வரை பலகையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றார்கள். கொடியில் போட்ட துணி இரண்டு பக்கமும் நன்றாகக் காய்ந்தது. மனைவி மட்டும் கணவரோடு பேசுவதில்லை. வீடு சுற்றியது அவளுக்குப் பெரிதில்லை. மீன்கள் செத்து மிதந்தும் அவர் அதே மூட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்ததுதான் ஆறவில்லை. கடைசியில் அவளே போய் மீன் டாக்டரம்மாவை அழைத்துவந்தாள்.

டாக்டரம்மா ஒரு மீனை அறுத்து முதுகெலும்பைப் பார்த்தார். தீவனத்தை அள்ளி முகர்ந்தார். "பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சூட்டுல வைட்டமின் சி எல்லாம் போயிருச்சு. அது இல்லாம எலும்பு எப்படி நிக்கும்?"

"மருந்து ஏதாவது..." என்று இழுத்தார் குளத்துக்காரர்.

"சாப்பாடுதான் மருந்து. புதுசா, கொஞ்சம் கொஞ்சமா வாங்கி நிழல்ல வைங்க. இனி வர்ற குஞ்சுங்க நேரா வளரும். வளைஞ்ச பெருசுங்க அப்படியேதான் இருக்கும்."

மிச்ச மூட்டைகளை அவரே சுமந்துபோய்ப் புதைத்தார். கை கழுவிவிட்டுச் சமையலறை வாசலில் நின்றார். "நீ அப்பவே சொன்ன. நான்தான் கேக்கல."

"இப்பவாவது காது கேட்டுச்சே. உக்காருங்க, சாப்பாடு ஆறுது."

மீன்கள் சாவது நின்றது. புதுக் குஞ்சுகள் விட்ட அம்பாக ஓடின. வளைந்தவற்றைப் பிடித்துவிட்டால் வீடு நின்றுவிடும் என்று பலர் சொன்னார்கள். நம்மால் வளைந்தது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள் மனைவி. அதனால் வீடு இன்றும் மெதுவாகச் சுற்றுகிறது. அடுத்த வருடம் அங்கே அவர்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனால் மட்டும் அவளுக்குத் தலை சுற்றும். வீட்டுக்குத் தூக்கிவந்து படுக்கவைத்தால் சரியாகிவிடும்.