ஹாய்ட் கேகிளின் விமானத்தில் வந்த பாஸ்டர்

மிசிசிப்பி மாநிலத்து டன்பார் ஊரில் நாலாயிரத்து இருநூறு பேர் இருந்தார்கள். அதில் நடுநிலையாளர் ஒரே ஒருவர். பெயர் வெர்லன் ஸ்டீகல், முப்பத்தெட்டு வருஷம் கிராமத்துச் சாலைகளில் தபால் போட்டு ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் பிறக்கும்போதே சிவப்பாகவோ பச்சையாகவோ பிறந்துவிட்டார்கள். கிழக்கே பன்னிரண்டு மைலில் இருக்கும் ஓக்கட்டோமா ஸ்டேட் கல்லூரியின் ஃபுட்பால் அணி சிவப்பு; ஃபுட்பால் என்றால் அங்கே பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். மேற்கே பதினான்கு மைலில் இருக்கும் பெல்மோர் கல்லூரியின் அணி பச்சை. பிரசவம் ஆனதும் பிள்ளைக்கு எந்த நிறத்துப் போர்வை என்று கேட்டுவிட்டுத்தான் ஆணா பெண்ணா என்று விசாரிப்பார்கள். ஆட்டம் நடக்கும் இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் அங்கே யாரும் கல்யாணம் வைப்பதில்லை. சாகிறவர்கள்கூடக் கூடியவரை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக்கொள்வார்கள்.

வெர்லனின் அப்பா சிவப்பு, அம்மா பச்சை. அவருக்கு ஒன்பது வயதாக இருக்கையில் இரண்டு அணிகளும் மோதிய ஆட்டம் சமநிலையில் முடிந்தது. யாராவது ஒருவர் ஜெயித்திருந்தால் அழுது தீர்த்து சமாதானமாகியிருப்பார்கள். சமநிலையாகிவிட்டதால் இருவருக்கும் நடுவே நவம்பரில் நின்ற பேச்சு மார்ச் வரை திரும்பவில்லை. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே வெர்லன்தான் சீட்டுக் கொண்டுபோனார். தபால் தொழிலையும் நடுநிலையையும் அவர் ஒரே குளிர்காலத்தில் கற்றுக்கொண்டார்.

ஆட்டத்தின் மேல் அவருக்கு ஆசை உண்டு, அணிகளின் மேல் கிடையாது. சனிக்கிழமை ஐந்து ஆட்டம் பார்ப்பார். திங்கட்கிழமை காலை பெட்ரோல் பங்கின் பின்பக்கத்து மேஜையில் காபியோடு உட்கார்ந்தால், அவர் கருத்தைக் கேட்க இரண்டு நிறத்து ஆட்களும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

"கோச்சுக்கு ஆயுசு மூணு வருஷம்யா," என்பார். "முத வருஷம் தோத்தா, போன கோச் விட்டுட்டுப் போன குப்பைம்பான். ரெண்டாம் வருஷம் தோத்தா, பசங்களுக்கு அடி பட்டிருச்சும்பான். மூணாம் வருஷம் அவன் ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவன் பொண்டாட்டி வீட்டைக் காலி பண்ண அட்டைப்பெட்டி கேட்டுக் கடைக்கு வருவா."

"எங்க ஓக்கட்டோமா எப்படி?"

"பையனுங்க இருக்கானுங்க, பொறுமை இல்ல. பெல்மோர்ல பொறுமை இருக்கு, ஓடத் தெரிஞ்ச பையன் இல்ல."

இரண்டு தரப்பும் சமமாக நொந்துபோகும். அதனால் இரண்டு தரப்பும் அவரை நம்பியது.

இந்த நம்பிக்கைதான் அவரைக் கெடுத்தது.

டன்பார் பாப்டிஸ்ட் சபையில் வலப்பக்கத்துப் பெஞ்சுகள் சிவப்பு, இடப்பக்கம் பச்சை. கடைசியாக இருந்த பாஸ்டர் ஒரு ஞாயிறன்று ஓக்கட்டோமா பையனின் முழங்காலுக்காக ஜெபித்தார். அதற்கு முந்திய வாரம் பெல்மோர் பையனின் தோள் இறங்கியபோது அவர் வாய் திறக்கவில்லை என்பதை இடப்பக்கம் நினைவு வைத்திருந்தது. ஆமென் சொல்லும் முன் பாதிச் சபை எழுந்து போயிற்று. மறுவாரம் பாஸ்டரும் போனார். புது பாஸ்டர் கிடைக்கும் வரை இரு பக்கமும் காது கொடுத்துக் கேட்கக்கூடிய ஒரே மனிதரான வெர்லன் பிரசங்கம் செய்யட்டும், ஆள் தேடும் வேலையையும் அவரே பார்க்கட்டும் என்று தீர்மானம் போட்டார்கள்.

இரண்டு வருஷம் ஆகிவிட்டது. வெர்லனுக்கு எழுபத்தொரு வயது. கைவசம் பதினோரு பிரசங்கம்தான் இருந்தது. பைபிளில் மீன் விழுங்கிய யோனாவை அதன் வயிற்றிலிருந்து ஒன்பது முறை வெளியே இழுத்துவிட்டார், யோனாவே அலுத்துப்போயிருப்பார். ஞாயிறு காலை பிரசங்க மேடையில் நின்றுகொண்டு, கடைசிப் பெஞ்சில் ஹீட்டருக்குப் பக்கத்தில் வாய் பிளந்து தூங்கும் ஆண்களைப் பார்ப்பார். அவருக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பெஞ்சில் ஒரு இடம்தான்.

"யாரையாவது பிடிச்சுப் போட்டுட்டு வந்து உக்காரேன், வெர்லன்," என்றாள் மனைவி ரொனெல்.

"பிடிக்கத்தானே பாக்குறேன். ஒருத்தன் பச்சை டை கட்டிட்டு வர்றான். இன்னொருத்தனோட மச்சான் மவன் ஓக்கட்டோமா பசங்களுக்குத் தண்ணி குடுக்குறானாம். கறை இல்லாத ஆளே கெடைக்கல."

அப்படியிருக்கும்போதுதான் மேற்கு டெக்சஸிலிருந்து வெண்டல் டார்ப்ளி என்ற பாஸ்டரின் கடிதம் வந்தது. வெர்லன் போனில் கூப்பிட்டு, முதல் கேள்வியாக அதையே கேட்டார்.

"பாஸ்டர், ஃபுட்பால் பாப்பீங்களா?"

"டிவி இல்லீங்க பிரதர். இடி விழுந்து பதினாறு வருஷமாச்சு. புதுசு வாங்கணும்னு தோணல."

வெர்லன் போனைக் கையால் மூடிக்கொண்டு கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். ஃபுட்பால் பார்க்காத டெக்சஸ்காரரை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. பிறகும் பார்த்ததாகத் தகவல் இல்லை.

அழைத்து வர ஹாய்ட் கேகிள் தன் சொந்த விமானத்தை அனுப்பினார். ஹாய்ட் மூன்று மாவட்டத்துக் கோழிப் பண்ணைகளுக்கு அதிபதி, சபையின் மூப்பர், ஓக்கட்டோமா கல்லூரிக்கு அள்ளிக் கொடுக்கிறவர். விமானத்தின் வாலில் சிவப்புக் கோழி ஒன்று வரைந்திருக்கும். நல்லெண்ணத்தோடுதான் அனுப்பினார். ஓக்கட்டோமா தன் கோச்சை அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வேலையை விட்டு நீக்கியிருந்தது என்பது மட்டும் அவருக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

கோச்சை நீக்கிய வாரத்தில் எங்கள் பக்கத்து ஜனங்கள் செய்யும் வேலை ஒன்று உண்டு. வயலில், அலுவலகத்தில், பல் டாக்டரின் நாற்காலியில், எங்கே இருந்தாலும் போனைத் திறந்து, பணக்காரர்களின் விமானங்கள் வானத்தில் எங்கே ஊர்கின்றன என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். விமானம் போய் நிற்கும் ஊரில்தான் புது கோச் இருப்பான். அந்த வியாழக்கிழமை ஹாய்ட்டின் கோழி டெக்சஸுக்குப் பறந்ததை ஒன்பதாயிரம் பேர் பார்த்தார்கள். ஓக்கட்டோமாவுக்கு வரப்போவதாக வதந்தியில் அடிபட்ட கோச்சும் டெக்சஸ்காரன். வேறென்ன வேண்டும்!

வெர்லன் மூன்று மணிக்குத் தன் பழைய டிரக்கில் டன்பார் விமானத் திடலுக்குப் போனபோது, வண்டியை நிறுத்த இடமில்லை. தூறல். எண்ணூறு பேர் சிவப்புச் சட்டையில் நின்றார்கள். கல்லூரியின் பேண்டு வாத்தியம் வந்திருந்தது. கல்லூரித் தலைவரும் குடை பிடித்தபடி, யாரை வரவேற்க வந்தோம் என்று தெரியாத முகத்தோடு நின்றார். வெர்லன் டிரக்கின் கதவில் சாய்ந்துகொண்டார். அவருக்கு முதுகு வலித்தது.

விமானம் இறங்கி வந்து நின்று, அதன் கதவு திறந்தது. டார்ப்ளி குனிந்து வெளியே வந்து நிமிர்ந்தார், நிமிர்ந்துகொண்டே இருந்தார். ஆறரை அடி. கற்பாறையில் வெட்டிய தாடை. இப்படிப்பட்ட மனிதர் கோச்சாகத்தான் இருக்க முடியும். பேண்டு முழங்கியது. ஒரு கிழவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இவ்வளவு பாசமான சபை உலகத்தில் உண்டா என்று டார்ப்ளியின் கண்ணும் கலங்கிவிட்டது.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "ஐயா! பெல்மோரை எப்போ கவனிக்கப் போறீங்க?"

டார்ப்ளி நேர்மையான மனிதர். கொஞ்சம் யோசித்தார். "பெல்மோரா? அது யாருன்னு எனக்குத் தெரியாதுங்களே," என்றார்.

 எண்ணூறு பேரும் ஆரவாரத்தில் வெடித்தார்கள். தொண்ணூறு வருஷத்துப் பகையில் பெல்மோரை யாரும் இப்படி அவமானப்படுத்தியதில்லை. பல்லைக் கடித்து ஆயிரம் வசவு வைதிருக்கிறார்கள். யாரென்றே தெரியாது என்று சொல்ல ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. சாயங்காலத்துக்குள் அந்த வார்த்தையை அச்சடித்த சட்டை விற்பனைக்கு வந்துவிட்டது.

விமானத் திடலின் சின்ன அறையில் ஹாய்ட், கல்லூரித் தலைவர், டார்ப்ளி, வெர்லன் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். கல்லூரித் தலைவர் போனை வைத்துவிட்டு, நிஜ டெக்சஸ் கோச் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டதாகத் தெரிவித்தார். வெளியே பாட்டு நிற்கவில்லை.

"இவர் பாஸ்டர்னு அங்க போய் யார் சொல்றது?" என்றார் ஹாய்ட். "என் கோழிப் பண்ணையைக் கொளுத்திருவானுங்க."

"நான் சொல்றேன்," என்றார் வெர்லன். "இவரை நான் ரெண்டு வருஷமா தேடியிருக்கேன்."

"இரு, பிரதர் வெர்லன்," என்றார் ஹாய்ட். "நீ எந்தப் பக்கமும் இல்லாத ஆளு. உள்ளதைச் சொல்லு. தலைமைக் கோச்சுக்கு உண்மையில என்னதான்யா வேலை?"

வெர்லன் கருத்துச் சொல்லும் மனிதர். கருத்து என்று யாராவது கேட்டுவிட்டால், தும்மல் வந்தவனைப் போல அவரால் அடக்க முடியாது.

"ஒரு வேலையும் இல்ல. ஆட்டத்தை நடத்துறது ஒம்போது உதவிக் கோச்சுங்க. தலைமைக் கோச் மழையில நிப்பான். தோத்தா தன் தப்புன்னு சொல்லுவான். அணிக்குப் பசங்களைச் சேக்க அவங்க அம்மாமாரு வீட்டுக்குப் போய், பெக்கான் கொட்டை போட்ட இனிப்பைச் சாப்பிட்டுட்டு, உங்க புள்ளைய என் புள்ளையா பாத்துக்குறேன்னு சொல்லுவான். நல்ல பாஸ்டரா இருந்தா எவனும் இந்த வேலையைப்..."

அங்கே நிறுத்தினார். கொஞ்சம் தாமதமாகிவிட்டது. ஹாய்ட்டும் கல்லூரித் தலைவரும் டார்ப்ளியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டார்ப்ளி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "பிரதர், உங்க சபையில எத்தனை பேரு?"

"நூத்திப் பத்து," என்றார் வெர்லன். பொய் சொல்லத் தெரியாது. "பாதிப் பேரு தூங்குவாங்க," என்றும் சேர்த்துச் சொன்னார்.

"வெளிய மழையில நிக்கிற ஜனங்களுக்குத்தான் மேய்ப்பன் ரொம்ப அவசரம்போலத் தெரியுது."

வீட்டுக்கு வந்து வெர்லன் சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பாஸ்டர் எங்க?" என்றாள் ரொனெல்.

"கோச் ஆக்கிட்டாங்க."

"யாரு?"

"நான்தான்."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவரை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். பிறகு அவருடைய ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை இஸ்திரி போட எடுத்து வைத்தாள். 

கோச்சின் ஆயுசு மூன்று வருஷம் என்று அவரே சொல்லியிருந்ததால், வெர்லனுக்குக் கணக்குப் பிசகவில்லை. அதுவரை நூற்று ஐம்பத்தாறு ஞாயிற்றுக்கிழமைகள் அவரே மேடை ஏறினார். யோனா இன்னும் பன்னிரண்டு தடவை வெளியே வந்தார். டார்ப்ளியின் அணி முப்பத்தாறு ஆட்டம் ஆடி மூன்றே மூன்றில் ஜெயித்தது. அந்த மூன்றும் பெல்மோருக்கு எதிராக. முதல் வருஷம் பெல்மோர் பையன் ஒருத்தன் பந்தை எடுத்துக்கொண்டு தன் கோல் பக்கமே ஓடினான். இரண்டாம் வருஷம் மூடுபனி இறங்கியது. பெல்மோர் பசங்கள் கடைசிக் கால் மணி நேரத்தைப் பக்கத்து மைதானத்தில் ஆடினார்கள். மூன்றாம் வருஷம் நடந்ததைச் சொன்னால் பொய் என்பார்கள், விட்டுவிடலாம்.

மூன்றாவது டிசம்பரில் ஓக்கட்டோமா அவரை நீக்கியது. மறுநாள் டார்ப்ளி வெர்லனின் வாசலில் வந்து நின்றார். இளைத்திருந்தார். தாடையிலும் கொஞ்சம் தேய்மானம் தெரிந்தது.

"பிரதர், அந்த வேலை இன்னும் காலியா இருக்கா?"

"காலியாவா?" என்று உள்ளேயிருந்து ரொனெல் கத்தினாள். "உள்ள வாங்க பாஸ்டர், முதல்ல உள்ள வாங்க! கதவைச் சாத்து, வெர்லன்!"

புதன்கிழமைச் சாப்பாட்டுக்குப் பிறகு சபை கூடியது. வெர்லன் எழுந்து டார்ப்ளியின் பெயரைச் சொன்னதும் வலப்பக்கத்திலிருந்து ஹாய்ட் துள்ளி எழுந்தார்.

"இந்த ஆளா? மூணு வருஷத்துல முப்பத்தி மூணு தோல்வி! இந்த மனுஷன் மொகத்துல முழிக்கவே எனக்குப் பிடிக்கல!"

இடப்பக்கத்தில் பல் டாக்டர் மரியன் பூத் எழுந்தார். "உனக்கு மட்டுமா? யாருன்னே தெரியாதுன்னு சொன்ன வாயி! எங்களை மூணு தடவை ஜெயிச்ச வாயி! எனக்கும்தான்யா பிடிக்கல!"

கைத்தட்டல் இரண்டு பக்கமும் ஒரே அளவில் எழுந்தது. வெர்லன் அது அடங்கும் வரை மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிற்பதே பாடாக இருந்தது.

"ஜனங்களே," என்றார். "அஞ்சு வருஷமா இந்த ரெண்டு பக்கமும் ஒண்ணா ஒத்துக்கிட்ட விஷயம் ஏதாவது உண்டா? சபைக் கூரைக்கு எந்தத் தகடுன்னு ஒத்துக்கிட்டீங்களா? இன்னிக்கு ஒத்துக்கிட்டீங்க. உங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி பிடிக்காத ஒரே மனுஷன் இவர்தான். இவரைவிட நடுநிலையான ஆளை நான் எங்க போய்த் தேடுறது? எனக்கு முடியலய்யா."

நூற்றுப் பத்துப் பேரும் யோசித்தார்கள். ஹாய்ட் மரியனைப் பார்த்தார், மரியன் ஹாய்ட்டைப் பார்த்தார்.  கை தூக்கச் சொன்னபோது எல்லாக் கையும் எழுந்தது, முறைத்தபடியே.

அடுத்த ஞாயிறு டார்ப்ளி மேடை ஏறினார். தோல்வியைத் தாங்கும் பொறுமை என்பதுதான் பொருள். அதில் அவருக்கு அனுபவம் இருந்ததால் ஐம்பது நிமிஷம் பேசினார். நன்றாகப் பேசினார் என்று சொல்ல முடியாது. கடைசிப் பெஞ்சுக்குப் பக்கத்தில் ஹீட்டர் மெல்ல முனகியது. வெர்லன் அந்தப் பெஞ்சில் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஹாய்ட் முழங்கையால் இடித்தார்.

"பிரதர் வெர்லன்," என்று கிசுகிசுத்தார். "ஜார்ஜியாவுல ஒரு கோச் இருக்கான். இளவட்டம். விமானத்தை அனுப்பலாமான்னு பாக்குறோம். உன் கருத்து என்ன?"

வெர்லன் கண்ணைத் திறக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் கருத்து எதுவும் இல்லை.