பேசிய பிறகு காபி

மண்டி மொஹல்லா சமுதாயக் கூடத்தில் சுந்தராம்பாள் மடியில் கேசரிபாத் தட்டை வைத்துக்கொண்டு, அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். நெய் வாசனை மூக்கைத் துளைத்தது. கேசரிபாத் என்றால் அவளுக்கு உயிர். ஆனாலும் பேசி முடிக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள்.

போன கூட்டத்தில் பட்டது போதும். நடமாட முடியாத முதியோரை வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் திட்டத்துக்கு விதிகளைத் திருத்துகிறார்கள். உதவி பெறுகிறவர்களையே கேட்டுத் திருத்துவதாக ஏற்பாடு. கேட்கத்தான் செய்தார்கள். அதற்கு முன்னால் சுடச்சுட உப்பிட்டு என்கிற ரவை உப்புமாவைக் கொடுத்துவிட்டார்கள். ஹனூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவளுக்குச் சாப்பிட்ட இடத்தில் குறை சொல்ல வாய் வருமா? "எல்லாஞ் சவுரியமா இருக்குதுங்க" என்றுவிட்டு வந்தாள். பக்கத்து நாற்காலி மல்லம்மா அதையே கன்னடத்தில் சொன்னாள். கூடம் முழுக்க அதே பாட்டுத்தான். அதிகாரிகள் மகிழ்ந்துபோய் எழுதிக்கொண்டார்கள்.

வீட்டு நிலைமையோ வேறு. பக்கவாதத்தில் விழுந்த அவள் கணவர் இராமச்சந்திரன், குளித்துத் திருநீறு பூசாமல் ஒரு வாய் சாப்பிட மாட்டார். அவரைத் தூக்கிக் குளிப்பாட்ட அவளுக்குத் தெம்பில்லை. உதவிக்கு வரும் பெண் வெயில் ஏறிய பிறகுதான் வருகிறாள், திட்டத்தின் விதி அப்படி. அதுவரை மனுஷன் பசியோடு கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

"காபி ஆறுதும்மா, குடீங்க," என்றாள் கூட்டத்தை நடத்தும் ஜீவிதா. "சுகர் இருக்கா?"

"அதெல்லாமில்ல கண்ணு. குடிச்சுப்போட்டா அப்பறம் குறை சொல்ல வாய் வராது. மொதல்ல சொல்லிப்போடறேன்." மடியிலிருந்த தட்டை நாற்காலிக்கு அடியில் இறக்கி வைத்தாள். "அந்தப் புள்ள காலங்காத்தால வரோணும். குளிக்காம அவரு சாப்பட மாட்டாரு. அவ வர்ற வரைக்கும் பட்டினிதான்."

"போன தடவை எல்லாம் சரின்னு சொன்னீங்களே?"

"உப்பிட்டு நல்லா இருந்துச்சே, என்ன பண்றது?"

ஜீவிதாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு எழுதி, வாசித்தும் காட்டினாள்: குளிப்பாட்டும் நேரத்தை அந்தந்த வீட்டாரே சொல்ல வேண்டும். "கமிட்டில நானே பேசறேம்மா. ஆயிடும்னு இப்பவே சொல்ல முடியாது."

சுந்தராம்பாளுக்கு நெஞ்சு லேசானது. காபியை எடுத்தாள். ஆறி ஆடை படிந்திருந்தது. அமிர்தமாக இறங்கியது.

"வேற யாருக்காவது ஏதாவது இருக்கா?" என்று ஜீவிதா கன்னடத்திலும் ஒருமுறை கேட்டாள்.

வாய்வரை கொண்டுபோன ஸ்பூனை மல்லம்மா மெல்லத் தட்டிலேயே வைத்தாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு தட்டாக நாற்காலிகளுக்கு அடியில் இறங்கத் தொடங்கியது.