ஊர் கேட்டால் சம்மதம்

தென்காசியில் ரயிலை விட்டு இறங்கியதும் பலவேசம் முதலில் மலையைத்தான் பார்த்தான். மேற்கே, கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல நின்றது. உச்சியில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. மேகம்தான் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டு பட்டாளத்துப் பையை முதுகில் மாட்டினான்.

சீனாக்காரனோடு சண்டை முடிந்த மறு வருஷம். லடாக் பக்கத்துக் கணவாய் ஒன்றிலிருந்து லீவில் வந்திருந்தான். அங்கே ஒரு சரிவு உண்டு. அதன் அடியில் லாரி ஹார்ன் அடிக்கக் கூடாது, ஆள் சத்தம் போடக் கூடாது என்று உத்தரவு. சத்தம் கேட்டால் பனி இறங்கிவிடும். ஒரு நாள் புது டிரைவர் ஒருவன் மறந்துபோய் அடித்துவிட்டான். முன்னே போன கோவேறு கழுதைகளும் அவற்றை ஓட்டிப் போனவர்களும் இருந்த இடம் சமதளமாக, வெள்ளையாக ஆகிவிட்டது. பலவேசம் பின்னால் நின்றதால் பிழைத்தான். அதற்குப் பிறகு எங்கே ஹார்ன் கேட்டாலும் அவன் கழுத்து தானாக மேலே திரும்பும். கால் அப்படியே நின்றுபோகும்.

அன்றைக்கு அவன் குற்றாலம் போயாக வேண்டும். மேலகரத்தில் வாக்கப்பட்டிருந்த அக்கா வடிவம்மாள் ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். அவர்கள் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சில சம்சாரிக் குடும்பங்களில் அப்படி ஒரு வழக்கம். பெண்ணை வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வந்தால் பெண்ணுக்குப் பேர் கெட்டுப்போகும். அதனால் சாரல் சீசனில் குற்றாலத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். இரண்டு வீட்டாரும் குளிக்க வந்தவர்கள்போல வருவார்கள். முன்னே பின்னே தெரியாதவர்கள்போல இருப்பார்கள். பிடித்துப்போனால் பெண்ணின் தகப்பன் பையனிடம் போய், “தம்பிக்கு எந்தூரு?” என்று கேட்பார். அது ஒன்றுதான் சம்மதம். பிடிக்காவிட்டால் ஈரத்துணியைப் பிழிந்து மடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். யாரும் யாரையும் வேண்டாம் என்று சொன்னதாக ஆகாது.

பெண் ராயகிரி அய்யாக்குட்டியின் மகள், பெயர் குழல்வாய்மொழி. அரக்குச் சேலை கட்டி வருவாள் என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். பலவேசத்துக்குத் தாய் தகப்பன் இல்லை. திருவேங்கடத்தில் வீடு பூட்டிக் கிடந்தது. கூடாரத்தில் மற்றவர்கள் பெண்டாட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இவன் எழுந்துபோய் ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் ஊற்றுவான். இந்த லீவை விட்டால் அடுத்தது எப்போதோ. ‘எந்தூரு’ என்று ஒருத்தர் கேட்டுவிட வேண்டும். ரயிலில் வழியெல்லாம் அவன் நினைப்பு அதுவாகவே இருந்தது.

கடைத்தெருவுக்கு வந்தான். குற்றாலம் பஸ் எதிர்ச்சாரியில் நின்றது. நடுவே ரோடு. ரோடு என்றா சொல்வது? வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று ரோட்டையே அடைத்துக்கொண்டு போயிற்று. அதை முந்தப் பார்த்த குதிரைவண்டியின் சக்கரம் மாட்டுவண்டி அச்சில் உரச, இரண்டு பேரும் நின்று ஏச ஆரம்பித்தார்கள். அந்தச் சந்தில் சைக்கிள்கள் புகுந்தன. பின்னால் செங்கோட்டை பஸ் வந்து ஹார்னில் கை வைத்தவன் எடுக்கவே இல்லை.

பலவேசம் காலை எடுத்து வைத்தான். ஹார்ன். கழுத்து மலைக்குத் திரும்பிற்று. கால் நின்றது. மறுபடி வைத்தான். மறுபடி ஹார்ன். ஒரு குற்றாலம் பஸ் போய்விட்டது. அடுத்ததும் போயிற்று. மாட்டுவண்டியை முந்தப் பார்த்த குதிரைவண்டிக்காரனைப் பரீது என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். ஏசி முடித்து ஓரம் கட்டினவன், இவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பட்டாளத்துக்காரர் ரோட்டுக்குக் காவல் நிற்கிறாரா என்று பக்கத்துக் கடைக்காரனிடம் கேட்டான்.

பலாச்சுளை விற்கிற ஞானபாக்கியம் தலையில் கூடையோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

“என்ன தம்பி, வானத்தயே பாக்கீரு? பிளேனா?”

“ரோட்டத் தாண்டணும்.”

“அதுக்கு எதுக்கு மேல பாக்கணும்? வண்டிக்காரன் மொகத்தயும் பாக்கப்படாது. பாத்தீருன்னா, இவன் நிப்பான்னு அவன் வந்துருவான். நீரு பாக்காமப் போனா அவன் நம்மளப் பாத்துக்கிடுவான். வாரும் எம் பின்னால.”

அவள் இறங்கி நடந்தாள். தலை திரும்பவில்லை. ஒரு கை மட்டும் இடுப்புக்குக் கீழே, கன்றுக்குட்டியை அமர்த்துகிறதுபோல, வண்டிகளின் பக்கம் விரிந்திருந்தது. பஸ் முனகிக்கொண்டு நின்றது. சைக்கிள்கள் வளைந்து போயின. அவள் முந்தானையைப் பார்த்தபடியே பலவேசம் அக்கரை சேர்ந்தான்.

குற்றாலத்தில் இறங்கியபோது சொன்ன நேரம் தாண்டியிருந்தது. சாரல் அடித்தது. கோயிலுக்குப் பக்கத்தில், ரோட்டுக்கு அந்தப் பக்கம், மரத்தடியில் அக்கா தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். தம்பியைக் கண்டதும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். சற்றுத் தள்ளி ஒரு குடும்பம். துண்டைத் தோளில் போட்ட பெரியவர் அய்யாக்குட்டியாகத்தான் இருக்க வேண்டும். அவர் பின்னால் அரக்குச் சேலை. அந்தப் பெண் குரங்குக்குக் கடலை போட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரும் அவனைப் பார்த்தாயிற்று. யாரும் அவனைப் பார்க்கவில்லை.

பலவேசம் ஞானபாக்கியம் போனதுபோலவே ரோட்டில் இறங்கினான். தலை நேராக, கை தாழ்வாக. பாதி வந்துவிட்டான். அப்போது முதுகை ஒட்டி ஒரு பஸ் ஹார்ன் அடித்தது. கழுத்து மேலே போயிற்று. மலையில் நல்ல மழை போலிருக்கிறது. அந்த நேரம் பார்த்து அருவியில் வெள்ளம் கூடி, பாறைக்கு மேலே வெள்ளையாக எழும்பி இறங்கிற்று.

அவனுக்கு அது அருவியாகத் தெரியவில்லை. “பாகோ! பாகோ!”, ஓடுங்கள் ஓடுங்கள் என்று பட்டாளத்து இந்தியில் கத்திக்கொண்டு, தலையை இரண்டு கையாலும் பொத்தி, ரோட்டு நடுவில் குப்புற விழுந்தான். உடம்பு வெடவெடத்தது.

கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ சொன்னார்கள்: “ஏலே, வலிப்புலே. இரும்பக் குடுங்க.”

தென்காசியிலிருந்து குளிக்க வந்தவர்களை இறக்கிவிட்டுக்கொண்டிருந்த பரீது ஓடி வந்தான். மடியிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துப் பலவேசத்தின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கி அழுத்திப் பிடித்தான். பாவம், நல்ல எண்ணம்தான். எனக்கு வலிப்பு இல்லை என்று பலவேசம் சொன்னான். பனி இறங்குமோ என்று பயந்து பழகின தொண்டையில் குரல் மெல்லத்தான் வந்தது. அருவிச் சத்தத்தில் பக்கத்தில் இருந்தவனுக்கே கேட்கவில்லை.

மரத்தடியில் வடிவம்மாள் எழுந்துவிட்டாள். என் தம்பிக்கு அப்படி ஒரு நோய் கிடையாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்னால் அவள் யார் என்று தெரிந்துவிடும். பெண் வீட்டாரைச் சந்தியில் இழுத்த மாதிரி ஆகிவிடும். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அப்படியே நின்றாள். அய்யாக்குட்டி சாவிக்கொத்தைப் பார்த்தார். பிறகு துணிகளைப் பிழிய ஆரம்பித்தார்.

கூட்டம் கலைந்தது. பரீதுவைச் சவாரி கூப்பிட்டது, போய்விட்டான். பலவேசம் முட்டி போட்டு எழப் பார்த்தான், முடியவில்லை. பஸ்காரன் மறுபடி ஹார்னை அழுத்தினான்.

அரக்குச் சேலை ரோட்டில் இறங்கிற்று. அந்தப் பெண் அவனைப் பார்க்கவே இல்லை. எதிர்ச்சாரியில் ஏதோ வாங்கப் போகிறவள்போல வந்து, பஸ்ஸுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றாள். கை தாழ்வாக, பஸ்ஸின் பக்கம் விரிந்திருந்தது. பஸ் நின்றது. அவன் எழுந்து ஓரம் போகிறவரை அந்தக் கை மடங்கவில்லை.

“ஏட்டி, வா இங்கன,” என்றார் அய்யாக்குட்டி.

அவள் போனாள். மடித்த துணிகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். அவர்கள் ராயகிரி திசைக்குப் போக வண்டி பார்க்கப் போய்விட்டார்கள்.

திரும்பும்போது அக்காவும் அவனும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள், தனித்தனியாக. மேலகரத்தில் அவள் இறங்கினாள். இறங்கி நின்று திரும்பிப் பார்த்தாள். அந்தத் திண்டாட்ட முகத்தை வீட்டுக்குள் வைத்துப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. சாவிக்கொத்து கையிலேயே இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று காட்டினான். பஸ் கிளம்பிவிட்டது.

தென்காசிக் கடைத்தெருவில் சாயங்கால நெரிசல். பரீது எதிர்ச்சாரியில் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தான். பலவேசம் ரோட்டில் இறங்கினான். ஹார்ன்கள் அடித்தன. கழுத்து துடித்தது, திரும்பவில்லை. தாழ்வாக விரித்த தன் கையையே பார்த்துக்கொண்டு நடந்தான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது. லாரி ஒன்று அவனைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

பரீது சாவியை வாங்கி மடியில் செருகினான். காலையில் கேலி செய்தது உறுத்தியதோ என்னவோ, தோளில் கை வைத்தான்.

“ஒடம்பு இப்படி இருக்கையில தனியா அலையப்படாது தம்பி. கொண்டுபோய் விட ஆளு வேணுமில்லா. ஒமக்கு எந்தூரு?”

பலவேசம் அன்றைக்குப் பூராவும் அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருந்தான்.

“திருவேங்கடம்,” என்றான்.

அது ரொம்பத் தூரமாச்சே என்று சொல்லிவிட்டு, பரீது குதிரைக்குத் தண்ணீர் பிடிக்கப் போனான்.